நிழல் மரத்தை எப்போது எடுப்பீர்கள்?

ஜூன் 5 உலகச் சுற்றாடல் தினம். பாடசாலையிலும் கோயில் முற்றத்திலும் கன்று கொடுக்கும் நாள். தென்மேல் பருவக்காற்று மஸ்கெலியாவை உலுக்குவதும் அந்த வாரங்களில்தான். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போனவர்களின் கடிதங்களில் ஒரே குழப்பம்: "அல்பீசியா வைத்தால் சீக்கிரம் நிழல் வரும் என்கிறார்கள். தோட்டத்திலேயே நிற்கிறதே, வீட்டில் வைத்தால் என்ன?"

'வேகமாக வளரும் பயன்தரு மரம்' என்று துண்டுப்பிரசுரம் சொன்னால், கொஞ்சக் கட்டையில் நிறைய உயரம் எழுப்பும் மரம் என்று படியுங்கள். மலேசியாவின் சபாவில் 1974இல் நட்ட ஓர் அல்பீசியா 13 மாதத்தில் 10.74 மீற்றர் வளர்ந்து உலக சாதனையானது. அதன் கட்டையோ பலாக் கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி. 2014 ஆகஸ்டில் இசெல் புயல் ஹவாய்த் தீவைத் தாக்கியபோது வீதிகளிலும் மின்கம்பிகளிலும் முறிந்து கிடந்தது இந்த மரம்தான்.

2010 நவம்பரில் 'தெயட்ட செவண' திட்டத்தில், அதாவது நாட்டுக்கு நிழல், 11 நிமிடத்தில் 11 இலட்சம் கன்று நட்டதாக அறிவித்தார்கள். நடுவதற்கு நிமிடக் கணக்கு இருக்கிறது. எடுப்பதற்குக் கணக்கு வைத்தவர்கள் தோட்டக்காரர்கள் மட்டுமே.

அந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் உண்டு. தேயிலை மலையில் பெரிய நிழல் மரத்தை நேரே வெட்டிச் சாய்த்தால், மண்ணுக்குள் நிற்கும் வேரில் மாச்சத்து நிறைந்திருக்கும். வேரழுகல் பூஞ்சணத்துக்கு அது விருந்து. தின்று பெருத்துப் பக்கத்துத் தேயிலை வேருக்குத் தாவும். அதனால் வெட்டுவதற்கு மாதக்கணக்கில் முன்பே அடிமரத்தைச் சுற்றி, வளையல் போட்டது போல, பட்டையை உரித்துவிடுவார்கள். வேரிலிருந்து தண்ணீர் உள்கட்டை வழியே மேலே போகும். இலை பச்சையாகவே இருக்கும். ஆனால் இலை சமைத்த உணவு பட்டை வழியேதான் கீழே இறங்க வேண்டும். வழி அடைபட்டதும் வேர் தன் சேமிப்பையே தின்று தீர்க்கும். பிறகு வெட்டினால் பூஞ்சணத்துக்கு வெறும் பானைதான். 1930களில் இன்றைய மலாவியின் தேயிலைத் தோட்டங்களில் ஆராய்ந்து கண்ட முறை இது.

மலையில் இது கெட்டிக்காரத்தனம். வீட்டோரம் இதைச் செய்தால் ஆபத்து. பட்டை உரித்த மரம் நின்றபடியே காயும். காய்ந்த வாது காற்றில்லாமலும் விழும். தேயிலைச் செடி அதைத் தாங்கும், தகரக் கூரை தாங்காது.

இடத்தையும் அளந்து பாருங்கள். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்தது 7 பேர்ச், சுமார் 177 சதுர மீற்றர். சதுரமாக வைத்தால் ஒரு பக்கம் 13 மீற்றர். முற்றிய அல்பீசியா 30 மீற்றரைத் தாண்டும். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அது அடுத்தவர் வீட்டு மரம்.

மற்றக் கேள்விகள்:

சவுக்கு (கிரவிலியா)? அல்பீசியாவை விடக் கட்டை உறுதி, ஆனாலும் தன் உயரமளவு தூரத்தில் நிற்கட்டும்.

டர்பன்டைன் மரம்? வீட்டோரம் வேண்டாம்.

வேறு எது? டடாப். கம்பை ஊன்றினால் பிடிக்கும், வாது வெட்டினால் தழைக்கும், தழை ஆட்டுக்கும் ஆகும்.

வெட்ட அனுமதி? பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றுக்கும் 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். தோட்டக் காணியில் நிற்பதைத் தோட்ட நிர்வாகத்திடம் கேளுங்கள்.

மஸ்கெலியாவுக்கு நிழல் அவசியமா? 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபின் மேல்மலைத் தோட்டங்களே நிழலைக் குறைத்தன. வீட்டின் ஈரச் சுவருக்கும் வெயில்தான் மருந்து.

கன்று கொடுப்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இதை எந்த வருடம், யார் செலவில் வெட்டுவது? பதில் இல்லையென்றால் கன்றைத் திருப்பிக் கொடுங்கள்.