ஒரே எரிவாயுவில் 2 முறை கரன்ட்: டர்பைனும் ஃப்யூயல் செல்லும் சேர்ந்தால் என்ன ஆகும்?

100 ரூபாய்க்கு எரிவாயு வாங்கி எரித்தால், அதில் எவ்வளவு கரன்ட்டாக மாறும்? சிறிய கேஸ் டர்பைன் என்றால் சுமார் 30 ரூபாய்க்குத்தான். மீதி பெரும்பாலும் வெப்பமாகப் போய்விடும். இந்த வீணைக் குறைக்கும் ஒரு வழிதான் ஹைபிரிட் மின் உற்பத்தி.

எப்படி வேலை செய்கிறது?

திட ஆக்சைடு ஃப்யூயல் செல் செராமிக்கால் ஆனது. இது எரிபொருளை எரிக்காமல், வேதிவினை மூலம் நேரடியாக மின்சாரம் தருகிறது. இதற்கு 700 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். உள்ளே போகும் எரிபொருளில் 15 முதல் 20 சதவீதம் பயன்படாமலே வெளியே வந்துவிடும்.

இங்கேதான் டர்பைன் கைகொடுக்கிறது. அதன் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி செல்லுக்குள் அனுப்பும். அழுத்தம் கூடினால் செல்லும் கொஞ்சம் கூடுதலாக மின்சாரம் தரும். மிச்ச எரிபொருளை எரித்துக் கிடைக்கும் சூடான வாயு டர்பைனைச் சுழற்றும்.

நடைமுறையில் உண்டா?

2000-ம் ஆண்டு, அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தில் சீமென்ஸ் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் 220 கிலோவாட் அமைப்பு சோதிக்கப்பட்டது. செயல்திறன் சுமார் 53 சதவீதம். 2019-ல் டோக்கியோவின் மருநோவுச்சி கட்டடத்தில் மிட்சுபிஷியின் ஹைபிரிட் அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது.

பெரிய கம்பைண்டு சைக்கிள் மின்நிலையங்கள் 60 சதவீதத்தையே தாண்டுகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால், அவை நூற்றுக்கணக்கான மெகாவாட் அளவிலானவை. ஓர் அலுவலகக் கட்டடத்துக்கான சின்ன அமைப்பிலேயே 50 சதவீதத்தைத் தாண்டுவதுதான் இதன் பலம்.

அப்புறம் என்ன சிக்கல்?

இரண்டுக்கும் வேகம் ஒத்துப்போகாது. டர்பைன் நொடிகளில் வேகம் மாறும். செராமிக் செல் மெதுவாகத்தான் சூடாகும், மெதுவாகத்தான் ஆறும். திடீரென சூடு மாறினாலோ, செல்லின் இரு பக்க அழுத்தமும் பெரிதாக வேறுபட்டாலோ செராமிக் விரிசல் விடலாம்.

இன்னொன்று, கம்ப்ரஸருக்கும் டர்பைனுக்கும் நடுவே செல் நிறைய இடத்தை அடைத்துக்கொள்கிறது. அங்கே தேங்கும் அழுத்தக் காற்று, கம்ப்ரஸர் தடுமாறும்போது பின்னோக்கிப் பாயலாம். இதற்கு 'சர்ஜ்' என்று பெயர்.

விலை உயர்ந்த செல்லை உடைத்துப் பார்த்துக் கற்க முடியாது. அதனால், அமெரிக்காவின் மார்கன்டவுன் நகரில் உள்ள தேசிய எரிசக்தி தொழில்நுட்ப ஆய்வகத்தில் டர்பைனை மட்டும் நிஜமாக ஓட்டுகிறார்கள். செல்லின் நடத்தையைக் கணினி கணக்கிட, அதற்கேற்ற வெப்பத்தை ஒரு பர்னர் தரும். சோதனை சொதப்பினாலும் செல் உடையாது!

ஆக, இரண்டையும் குழாய் போட்டு இணைத்துவிட்டால் மட்டும் போதாது. லோடு ஏறி இறங்கும்போதும் இரண்டையும் சேர்ந்து ஓட வைக்கும் கன்ட்ரோல் சிஸ்டத்தில்தான் இதன் வெற்றி இருக்கிறது.