புதிய பார்பிக்யூ அடுப்பு: வாங்கும் முன்பும் பற்றவைக்கும் முன்பும்

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடும் நாட்களில், வீட்டுக்குப் பின்னால் அடுப்பு வைத்துக் கோழியும் மீனும் சுட்டுச் சாப்பிடுவது மகிழ்ச்சியான பழக்கம். புதிய அடுப்பு வாங்க நினைத்தால், விலையைப் பார்ப்பதற்கு முன் அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்யுங்கள்.

மூத்தவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. வயது ஏற ஏற மோப்ப உணர்வு குறைவதால், கேஸ் கசியும் வாடை தெரியாமல் போகலாம். தோல் மெலிவதால் தீக்காயம் ஆழமாகப் படும். நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கு நெருப்புத் துண்டு விழுந்தாலும் உடனே உறைக்காது.

எங்கே வைப்பது?

• திறந்த வெளியில், சமமான தரையில் வையுங்கள். சுவர், கூரை, துணிக்கொடி ஆகியவற்றிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்கட்டும்.
• மழை வந்தாலும் எரியும் அடுப்பைச் சமையலறைக்குள்ளோ கார் நிறுத்தும் இடத்திற்கோ நகர்த்தாதீர்கள். கரி கார்பன் மோனாக்சைடு வாயுவை வெளியிடும். அதற்கு நிறமோ வாடையோ இல்லை. தீ அடங்கிச் சாம்பல் பூத்த கரியிலிருந்தும் அது வரும். சன்னலைத் திறந்து வைப்பதும் மின்விசிறி போடுவதும் போதாது.
• தலைவலி, மயக்கம், குமட்டல் ஏற்பட்டால் எல்லாரும் உடனே வெளியே வந்து 999-ஐ அழையுங்கள்.

எந்த அடுப்பு?

பின்புறம் குறுகலாக இருந்தால் சிறிய மின்சார அடுப்பு பொருத்தமானது. மழைத்தண்ணீர் படாத இடத்தில் அதைப் பயன்படுத்துங்கள். எந்த அடுப்பானாலும், குனியாமல் சமைக்கும் உயரமும் ஆடாத கால்களும் உள்ளதாகப் பாருங்கள். கேஸ் அடுப்பு என்றால், ரெகுலேட்டரிலும் ரப்பர் குழாயிலும் சிரிம் முத்திரை உள்ளதா என்று கடையில் கேளுங்கள்.

கேஸ் அடுப்பைப் பொருத்தும்போது

1. கேஸ் தோம்பை நிமிர்த்தி வையுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தாழ்வான இடத்தில் தேங்கும். ஆகவே சாக்கடைக்குப் பக்கத்தில் தோம்பு வேண்டாம்.
2. அடுப்பின் திருகுகளை மூடிவிட்டு, தோம்பைத் திறந்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு உள்ளது. தோம்பை மூடுங்கள், பற்றவைக்காதீர்கள். மோப்பத்தை மட்டும் நம்ப வேண்டாம்.
3. அடுப்பின் மூடியைத் திறந்த பிறகே பற்றவையுங்கள். பற்றாவிட்டால் கேஸை நிறுத்தி, 5 நிமிடம் கழித்து முயலுங்கள்.

கரியடுப்பு என்றால்

பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்காதீர்கள். எரியும் கரிமேல் எந்த எண்ணெயும் ஊற்றாதீர்கள். மூடிய காலணி அணியுங்கள். சமைத்து முடிந்ததும் கரியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, முழுதாக ஆறிய பிறகே குப்பையில் போடுங்கள்.

முதல் சமையல்

கம்பித்தட்டைக் கழுவி, உணவு வைக்காமல் 15 முதல் 20 நிமிடம் அடுப்பை எரியவிடுங்கள். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் எரிந்துவிடும். பச்சைக் கோழிக்கு ஒரு தட்டும் இடுக்கியும், வெந்ததற்கு வேறு தட்டும் இடுக்கியும் வையுங்கள். மேலே கருகியிருந்தாலும் உள்ளே வேகாமல் இருக்கலாம். உட்புறம் 75 பாகை செல்சியஸ் சூட்டை எட்ட வேண்டும். கருகிய பகுதியை வெட்டி எறியுங்கள்.

சூடு பட்டுவிட்டால்

மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதையும் தடவாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் சிறிய காயமானாலும் கிளினிக்கில் காட்டுங்கள்.

அடுப்பு ஓய்வில் இருக்கும்போது

அடுப்பு உறையின் மடிப்பிலும் எண்ணெய் வடியும் தட்டிலும் மழைத்தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும். டிங்கி பரவாமல் இருக்க வாரம் ஒரு முறையாவது தண்ணீரைக் கொட்டித் துடைத்து வையுங்கள்.

அடுப்பு எரியும்போது ஒரு பெரியவர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். பேரப்பிள்ளைகள் தள்ளியே விளையாடட்டும்.