சாரதி ஆசனத்தில் அமர்ந்த மங்கையர்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது நம் முன்னோர் வாக்கு. பெரும்பாலும் பெண்களைப் பற்றி ஊரார் பேசும் பேச்சையே அப்பழமொழி குறித்து வந்துள்ளது. பெண்கள் தாமே பேசத் தொடங்கினாலோ, அவர்தம் வாயை மூடுதற்கு எல்லாத் தேசங்களிலும் எத்தனையோ மூடிகள் இருந்தன. முகநூல், யூடியூப், டுவிட்டர் முதலிய சமூக வலைத்தளங்கள் தோன்றிய பின்னர் அந்நிலை எவ்வளவு தூரம் மாறியது? அவற்றால் மாதர் அடைந்த வலிமை எத்தகையது? அவ்வலிமைக்கு எல்லை உண்டா?

இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, சவூதி அரேபியப் பெண்கள் மோட்டார் வண்டி செலுத்தும் உரிமைக்காக நடத்திய போராட்டத்தைக் காட்டிலும் சிறந்த உதாரணம் கிடைத்தல் அரிது. நம் நாட்டிலிருந்து பிழைப்பை நாடிச் சென்ற ஆடவர் பலர் அந்நாட்டு இல்லங்களிற் சாரதிகளாக வேலை செய்துள்ளமையால், இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று.

நாற்பத்தேழு பேர்

1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஈராக்கியப் படைகள் குவைத்தைக் கைப்பற்றின. அகதிகளாக வந்த குவைத் நாட்டுப் பெண்கள் தம் வண்டிகளைத் தாமே செலுத்தி வந்தனர். சவூதியில் வந்திறங்கிய அமெரிக்கப் படையிலும் பெண்கள் வாகனம் ஓட்டினர். இவற்றைக் கண்ணுற்ற சவூதி மாதர் 47 பேர், அவ்வாண்டு நவம்பர் 6ஆந் திகதி தலைநகர் றியாத்தின் வீதிகளிற் கார்களில் ஒன்றாகச் சென்றனர். சாரதி ஆசனங்களில் அமர்ந்திருந்தவர்கள் பெண்களே.

பொலிஸார் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். கடவுச்சீட்டுக்கள் பறிக்கப்பட்டன. ஆசிரியப் பணியிலிருந்தோர் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டனர். அவர்களை ஒழுக்கங் கெட்டவர்களென்று தூற்றும் துண்டுப் பிரசுரங்கள் பரவின. அத்தூற்றலுக்கு மறுமொழி கூற அம்மாதரிடம் பத்திரிகையுமில்லை, மேடையுமில்லை. அவர்கள் ஏன் அவ்வாறு செய்தனர் என்பதை, அடுத்த தெருவிலிருந்த பெண்ணுங்கூட அவர்தம் வாய்மொழியாக அறிந்துகொள்ளுதல் அரிதாயிருந்தது.

எழுத்தில் இல்லாத தடை

இருபது ஆண்டுகள் கழிந்தன. மனால் அல்-ஷரீஃப் என்னும் மாது, அரம்கோ எண்ணெய்க் கம்பெனியிற் கணினிப் பாதுகாப்புத் துறையிற் பணிபுரிந்து வந்தார். அமெரிக்காவில் தங்கியிருந்த காலத்தில் வண்டி செலுத்தப் பழகியவர் அவர். ஊர் திரும்பிய பின் ஒரு நாள் மாலை, மருத்துவரைக் கண்டு வருகையில் வாடகை வண்டி கிடைக்காமையால் தெருவழியே நடக்கலானார். கார்களில் வந்த ஆடவர் பின்தொடர்ந்து தொல்லை கொடுத்தனர். மனம் நொந்து உடன் பணிபுரியும் ஒருவரிடம் முறையிட்டபோதுதான், பெண்கள் வண்டி செலுத்தலாகாது என்று போக்குவரத்துச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை என்பதை அவர் அறிந்தார். அனுமதிப்பத்திரம் பெண்களுக்கு வழங்கப்படுவதில்லை, தடை அவ்வளவே! 2011இல் உலகில் இத்தகைய தடை நிலவிய தேசம் அது ஒன்றே.

மனாலும் தோழியரும் முகநூலில் ஒரு பக்கத்தைத் தொடங்கினர். 2011 ஜூன் 17ஆந் திகதி, வேறு நாட்டு அனுமதிப்பத்திரம் உள்ள பெண்கள் தத்தம் ஊரில் வண்டி செலுத்த வேண்டுமென்று அழைத்தனர். அதற்கு முன்னோடியாக, மே மாதத்தில் மனால் கோபார் நகரிற் காரோட்டினார். அருகிலிருந்து அதைப் படம் பிடித்தவர் வஜீஹா அல்-ஹுவைதர். இவர் 2008இலேயே தாம் வண்டி செலுத்தும் காட்சியை யூடியூபில் வெளியிட்ட துணிவாளர்.

மனாலின் படத்தை மிகக் குறுகிய காலத்தில் இலட்சக்கணக்கானோர் பார்த்தனர். பொலிஸார் அவரைக் கைதுசெய்து ஒன்பது நாள்வரை சிறையில் வைத்தனர். ஆயினும் 1990இற்போல் இச்செய்தியை மறைத்துவிட இயலவில்லை. குறித்த நாளிற் சில பத்துப் பெண்கள் வீதியில் இறங்கினர். தாம் வண்டி செலுத்தும் காட்சியைப் பலர் தாமே படமெடுத்து வெளியிட்டனர்.

மாறியது யாது?

வீதிக்கு வந்தோரின் தொகையை நோக்கினால் 2011ஆம் ஆண்டு 1990ஐ வெகுவாக விஞ்சிவிடவில்லை. துணிவிலோ முன்னவர் எவர்க்கும் குறைந்தவரல்லர். மாறியது ஒன்றே. தனித்தனி வீடுகளில் இருந்த பெண்கள், தம்மைப் போல் எண்ணுவோர் எத்தனை பேர் உளர் என்பதைக் கண்டுகொண்டனர். சம்பளத்திற் பெரும்பங்கைச் சாரதிக்குக் கொடுத்துவரும் ஆசிரியை, அது தன் வீட்டுக் கஷ்டம் மட்டுமே என்று எண்ணியிருந்தாள். அதே கஷ்டத்தை மற்றொருத்தி எழுதக் கண்டபோது, அது நாட்டின் பிரச்சினையாயிற்று. தன் துன்பத்துக்குப் பங்காளிகள் உண்டென்று அறிதலே வலிமையின் முதற்படியன்றோ?

2013 அக்டோபர் 26ஆந் திகதி மீண்டும் ஓர் இயக்கம் நடைபெற்றது. வண்டி செலுத்தினாற் பெண்களின் சூலகத்துக்குத் தீங்கு நேருமென்று மதப் பிரசாரகர் ஒருவர் சற்று முன்னர் கூறியிருந்தார். சவூதி நகைச்சுவைக் கலைஞர் ஹிஷாம் ஃபகீஹ், பாப் மார்லியின் பிரசித்தமான பாடலொன்றின் மெட்டில் அக்கூற்றை நையாண்டி செய்தார். அக்காட்சி ஒரு கோடிக்கு மேற்பட்ட தடவைகள் பார்க்கப்பட்டது. நாடே சிரித்த பின்னர் அவ்வாதம் நிமிர்ந்து நிற்றல் எளிதோ?

2017 செப்டெம்பர் 26ஆந் திகதி மன்னர் சல்மான் தடையை நீக்கும் ஆணையைப் பிறப்பித்தார். 2018 ஜூன் 24 முதல் அது நடைமுறைக்கு வந்தது. எண்ணெய் விலை வீழ்ச்சியும், பெண்களை வேலைக்குக் கொணரும் பொருளாதாரத் திட்டமும் இதற்குக் காரணங்களாயின. எனினும், பெண்கள் அவ்வினாவை அணையாது காத்திராவிடின் அதற்கு விடையளிக்க வேண்டிய தேவை அரசுக்கு எழுந்திருக்குமா என்பது ஐயமே.

இருபுறமும் கூருள்ள வாள்

இவ்வரலாற்றின் மறுபக்கத்தையும் நாம் நோக்குதல் வேண்டும். 2011இல் மனாலுக்கு ஆதரவு திரட்டிய அதே முகநூலில், வண்டியோட்டும் பெண்களைத் தலைக்கயிற்றால் அடியுங்கள் என்று ஆடவரைத் தூண்டிய பக்கமும் தோன்றிற்று. தடை நீங்குவதற்குச் சில வாரங்கள் முன்னர், 2018 மே மாதத்தில், அவ்வுரிமைக்காகப் பாடுபட்ட பெண்களே கைதாயினர். அவர்களுள் ஒருவரான லுஜைன் அல்-ஹத்லூல் 2021 பெப்ரவரியிலேயே விடுதலையானார். சிறையில் அவர் சித்திரவதை செய்யப்பட்டதாகக் குடும்பத்தினர் கூறினர், அரசாங்கம் மறுத்தது.

டுவிட்டர் நிறுவனத்தின் முன்னாள் ஊழியர் ஒருவர், சவூதிக்காக உளவு பார்த்த குற்றவாளியென 2022இல் அமெரிக்க நீதிமன்றத்திற் காணப்பட்டார். அவ்வாண்டிலேயே, இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி சல்மா அல்-ஷெஹாபுக்கு, டுவிட்டரில் எழுதியவற்றுக்காக 34 ஆண்டுச் சிறைத்தண்டனை சவூதியில் விதிக்கப்பட்டது. அது பின்னர் குறைக்கப்பட்டு 2025இல் அவர் விடுவிக்கப்பட்டார். பேசுதற்கு இடமளிக்கும் சாதனம், பேசியவர் யாரென்று காட்டிக்கொடுக்கவும் வல்லது என்பதற்கு இவை சான்றுகள்.

ஆகவே, சமூக வலைத்தளம் பெண்ணுக்குக் குரலைத் தரும், காவலைத் தராது. காவல் தரவேண்டியவை நேர்மையான சட்டமும், உடன் நிற்கும் மாந்தருமே. இஃது அரேபியாவுக்கு மாத்திரம் உரிய பாடமன்று. நம் வீட்டுப் பெண்ணொருத்தி தனக்கு நேர்ந்த தீங்கைத் துணிந்து எழுதி, அதன் பொருட்டு வசைமொழிக்கு ஆளாகி நிற்கையில் நாம் செய்வது யாது? கைத்தொலைபேசியை அவள் கையிலிருந்து பறித்து வைப்பது எளிது. ஆனால் அதனால் வாய் மூடுவது அவளுக்கே, வசை பாடியவர்க்கல்ல. வந்த வசைகளை அழிக்காமற் சேமித்து வைத்தலும், முறைப்பாடு செய்வதற்குத் தகப்பனோ தமையனோ அவளோடு கூடச் செல்லுதலும் அல்லவோ குடும்பத்தின் கடமை? முகமறியாத ஆயிரம் பேரின் ஆதரவினும், வீட்டிலுள்ள ஒருவர் சொல்லும் "நான் உன்னோடு வருகிறேன்" என்ற சொல் அவளுக்குப் பெரிய பலமாகும்.