உழைச்செல்வான்

மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில், திருவள்ளுவர் வைத்தியத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன் ஒரு கூறு. நோய் தீர்ப்பவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. உழைச்செல்வான் ஒரு கூறு. முதல் மூன்றுக்கும் வகுப்பில் உரை வேண்டுவதில்லை. நான்காவதற்கு வந்ததும் மாணவர் முகத்தில் ஒரு வினா எழும். யார் இவன்?

உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று, வைத்தியன் கருதியதை முடித்துக் கொடுப்பவன் உழைச்செல்வான். பரிமேலழகர் நான்கு கூறுகளையும் தனித்தனியே நான்காக விரித்துப் பதினாறு ஆக்குவர். உழைச்செல்வானிடத்து அவர் வேண்டும் இயல்புகள் நான்கு. நோயாளியிடத்து அன்பு, மனத்தாலும் சொல்லாலும் உடம்பாலும் தூய்மை, ஏவியதை ஏவியபடி முடிக்கும் ஆற்றல், அறிவு.

தாதி என்றோ மருந்து கலப்பவர் என்றோ பொருள் சொல்லி அப்பாற் செல்வது பள்ளி வழக்கம். அது பிழையன்று, நிறைவுமன்று. இன்று அச்சொல்லின் முழுப்பொருளைக் காண விரும்புவோர், பெரிய வைத்தியசாலைகளில் ‘கத்லாப்’ என வழங்கும் இருதய உட்குழாய் ஆய்வுகூடத்தினுட் சென்று, அங்கே பணிபுரியும் தொழில்நுட்பவியலாளரைப் பார்த்தல் வேண்டும். என்னிடம் தமிழ் கற்ற ஒருவர் அத்தொழிலில் இருக்கின்றார். அவரிடம் கேட்டறிந்தனவும் நூல்வழி அறிந்தனவும் ஈண்டுக் கூறப்படுகின்றன.

உயிருள்ள மனிதனின் இருதயத்தினுள்ளே ஒரு குழாயைச் செலுத்துவது கொலைக்கு ஒப்பாகும் என வைத்திய உலகம் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அவ்வச்சத்தை உடைத்தவர் வேர்ணர் போர்ஸ்மான் என்னும் ஜேர்மானிய இளம் வைத்தியர். 1929 ஆம் ஆண்டில், பேர்லினுக்கு அண்மையிலுள்ள எபேர்ஸ்வால்ட் நகரத்து வைத்தியசாலையில், மேலதிகாரியின் தடையை மீறி அவர் இதனைச் செய்தார். கேர்டா டிற்சன் என்னும் தாதி தன்னுடலைச் சோதனைக்குத் தர முன்வந்தாள். அவளை மேசையிற் பிணித்துவிட்டு, வைத்தியர் தம் இடக்கை நாளத்தையே கீறி, மெல்லிய குழாயொன்றை உட்செலுத்தினார். பின்னர்க் குழாயோடு படியிறங்கிக் கதிர்ப்பட அறைக்கு நடந்தார். திரையில் விழும் தம் இருதயத்தின் நிழலைத் தாமே காண்பதற்கு ஒரு முகக்கண்ணாடி வேண்டியிருந்தது. தாதி ஒருத்தி கண்ணாடி பிடித்தாள். அதனைப் பார்த்துக் குழாயை மேலும் செலுத்தினார். அது இருதயத்தின் வலப்புறத்தை அடைந்தது.

1956 இல் போர்ஸ்மானுக்கும், அமெரிக்காவில் இம்முறையை வளர்த்த கூர்னாண்ட், றிச்சர்ட்ஸ் என்னும் இருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கண்ணாடி பிடித்த கைக்குப் பரிசு இல்லை. ஆயினும் அக்கண்ணாடி சரிந்திருப்பின் வைத்தியர் கண்ணிருந்தும் காணாதவராயிருப்பார். இத்தொழிலின் முன்னோர் யார் என வினவினால், அவளையே சொல்லலாம்.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. 1958 ஒக்டோபர் 30 ஆம் நாள், கிளீவ்லாந்து நகரில் மேசன் சோன்ஸ் என்னும் வைத்தியர் ஓர் இளைஞனின் பெருநாடியைப் படம் எடுக்க முற்பட்டார். குழாயின் நுனி தற்செயலாக வலப்புற முடியுரு நாடியின் வாயினுட் சரிந்தது. கதிரிற் கருநிழல் காட்டும் மருந்து அந்நாடியினுட் பாய்ந்தது. இருதயம் சில கணங்கள் நின்றது. வைத்தியர் நோயாளியை இருமும்படி கூவினார். அவன் இருமினான், இருதயம் மீண்டும் அடித்தது. இருதயத் தசைக்கு இரத்தம் ஊட்டும் நாடிகளைத் தனித்தனியே படம்பிடிக்கலாம் என்னும் உண்மை அவ்விபத்திற் பிறந்தது. 1977 செப்டெம்பர் 16 இல், சூரிச் நகரில் குறுன்ற்சிக் என்னும் வைத்தியர் நுனியிற் சிறு பலூன் பொருந்திய குழாயினால் ஒடுங்கிய முடியுரு நாடியை விரித்தார். 1986 இல் ‘ஸ்ரென்ற்’ எனப்படும் கம்பிவலைக் குழல் இருதய நாடியில் முதன்முதல் வைக்கப்பட்டது. நெஞ்சைப் பிளவாமல், மணிக்கட்டின் வழியாகவே இருதயத்தை அணுகும் காலம் இது.

நிற்க. இக்கூடத்தில் உழைச்செல்வானின் தொழில் யாது? உரையாசிரியர் கூறிய நான்கு இயல்புகளையும் அளவுகோலாகக் கொண்டு பார்ப்போம்.

தூய்மையை முதலிற் கொள்வோம். கைகளையும் கருவிகளையும் கிருமியின்றி வைத்தல் உடம்பின் தூய்மை. அதனினும் நுண்ணிய தூய்மை ஒன்று உண்டு. அது அளவின் தூய்மை. இருதய அறைகளில் இரத்தத்தின் அமுக்கத்தை அளப்பதற்கு, அமுக்கத்தை மின்குறியாக மாற்றும் சிறு கருவி ஒன்று மேசையருகே பொருத்தப்பட்டிருக்கும். தொழில்நுட்பவியலாளர் அதனை நோயாளியின் நெஞ்சின் நடு உயரத்துக்கு நேராக நிறுத்தி, வெளிவளிக்குத் திறந்து, பூச்சியம் இது என்று பொறிக்கு அறிவித்தல் வேண்டும். அக்கருவி 10 சென்ரிமீற்றர் தாழ்ந்து நின்றால், அமுக்கம் ஏறத்தாழ 7 மில்லிமீற்றர் இரசம் கூடுதலாகத் தோன்றும். அரைச் சாண் அளவு பிழைதானே என்று தள்ளிவிடலாமா? பெருநாடியில் அமுக்கம் 120 ஆகும்போது 7 பெரிதன்று. வலச் சோணையறையிலோ இயல்பான அமுக்கமே 2 முதல் 6 வரைதான். அங்கே 7 கூடினால், நலமான இருதயம் நோயுற்றதாகத் தோன்றும். கருவி உயர்ந்து நின்றால், நோயுற்ற இருதயம் நலமானதாகத் தோன்றும். வால்வை மாற்றுவதா, விடுவதா என்னும் முடிவில் இந்த எண்களுக்கும் பங்குண்டு. பூச்சியத்திற் பொய் புகுந்தால், அதன்மேல் எழும் எண் ஒவ்வொன்றும் பொய்யாகும். வளிக்குமிழியும் அத்தகையதே. அளக்கும் குழாயில் அது தங்கினால் அலையை மழுக்கும்; முடியுரு நாடியினுட் புகுந்தால் இரத்தத்தை மறிக்கும். ஒரு குமிழியும் இல்லை என்று கண்ட பின்னரே அவர் குழாயைக் கையளிப்பார்.

அன்பு எங்கே வேண்டும் எனின், நோயாளி விழித்திருக்கின்றார் என்பதை நினைத்தல் வேண்டும். மணிக்கட்டு மாத்திரமே மரக்கச் செய்யப்பட்டிருக்கும். காது மரப்பதில்லை. கூடத்திற் பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அவர் செவியில் விழும். ஆகவே அங்கே திடுக்கிடும் குரலுக்கு இடமில்லை. வைத்தியர்கள் தம்முள் ஆங்கிலத்திற் பேசுவர். அம்மொழி அறியாத முதியவள் ஒருத்தி குளிர்ந்த அறையிற் கிடந்து கூரையைப் பார்க்கின்றாள். ‘அம்மா, மூச்சை இழுத்துப் பிடியுங்கோ. சரி, இனி விடுங்கோ’ என்னும் குரல் அவளுக்குப் படத்தின் தெளிவுக்கான கட்டளையன்று, துணை. இருதயத் துடிப்பு தளரும்போது ‘ஒருக்கால் இருமுங்கோ’ என்று சொல்வதும் அவரே. சோன்ஸ் கூவியது இன்று தணிந்த குரலிற் கூறப்படுகின்றது.

ஏவியதை முடிக்கும் ஆற்றல் மூன்றாவது. முடியுரு நாடியின் அகலம் பெரும்பாலும் 2 முதல் 4 மில்லிமீற்றர் வரை. உட்குழாய்களை அளக்கும் ‘பிரெஞ்சு’ என்னும் அலகில் ஒன்று, மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு. 6 பிரெஞ்சுக் குழாயின் புறவகலம் 2 மில்லிமீற்றர். இத்தகைய உலகிற் கால் மில்லிமீற்றரும் பெரிய வேறுபாடாகும். வைத்தியர் ஓர் அளவைக் கேட்டால், உழைச்செல்வான் அதனை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லி, உறையில் எழுதியிருப்பதைப் படித்து, அதன்பின்னரே பிரிப்பார். பலூன் விரிந்து நிற்கும் விநாடிகளை எண்ணிச் சொல்வார். நாடியில் இரத்தம் மறிக்கப்பட்டு நிற்கும் விநாடிகள் அவை. இவ்வளவும் ஈயக் கவசத்தைத் தோளிற் சுமந்துகொண்டு செய்யும் வேலை. எக்ஸ் கதிருக்குக் கண்ணோட்டமில்லை. கதிர் சிதறும் இடத்திலிருந்து இரு மடங்கு விலகினால் அதன் தாக்கம் நாலிலொன்றாய்க் குறையும் என்பது கணக்கு. ஆனால் நோயாளிக்கு ஆபத்து நேர்ந்தால் விலகி நிற்றல் இயலுமா? பக்கத்தே செல்பவன் என்பதன்றோ அவர் பெயர்! மாரடைப்பு இரவு பகல் பார்ப்பதில்லை. நாடி முற்றாக அடைபட்டு வரும் நோயாளிக்கு, வைத்தியசாலை வாயிலை அடைந்த 90 நிமிடத்தினுள் அடைப்பைத் திறத்தல் வேண்டும் என்பது பலவிடத்தும் கொண்டுள்ள இலக்கு. நள்ளிரவில் அழைப்பு வந்தால் எழுந்து ஓடுவோருள் இவரும் ஒருவர்.

அறிவு என்னும் நான்காவது இயல்பே இக்கட்டுரையின் உயிர். கூடத்திற் பல திரைகள் உண்டு. வைத்தியரின் கண் நாடியின் படத்தில் இருக்கும். இருத்தலும் வேண்டும். அப்போது அமுக்க அலையையும் இருதய மின்வரைவையும் இடையறாது நோக்குவது தொழில்நுட்பவியலாளரின் கண். அலை ஒவ்வொரு துடிப்புக்கும் எழுந்து விழும். பார்த்துப் பழகாதவருக்கு அது கோடு. பழகியவருக்கு அது மொழி. குழாயின் நுனி முடியுரு நாடியின் வாயை அடைத்துவிட்டால் அலை திடீரெனச் சுருங்கும். அன்றேல் அதன் வடிவு மாறிக் கீழெல்லை தாழும். படத்தில் அது தோன்றாதிருக்கலாம். அக்கணத்தில் மருந்தை வேகமாகச் செலுத்தினால், இருதயம் தாளங்கெட்டு நடுங்கலாம். நாடியின் உட்சுவர் கிழியலாம். தடுப்பதற்குக் கிடைக்கும் அவகாசம் சில துடிப்புக்களே.

அந்தச் சில துடிப்புக்களுள் அவர் பேசுதல் வேண்டும். ‘சேர், பிரஷர் விழுந்திட்டுது’ என்று சொல்லுதல் வேண்டும். யாரும் கேட்கவில்லை, கேட்கும்வரை காத்திருக்கவும் இயலாது. எதிரே நிற்பவர் துறைபோன நிபுணர், வயதில் மூத்தவர், பதவியில் உயர்ந்தவர். சொன்ன சொல் பிழையானால் நகைப்புக்கிடமாகும். சொல்லாதிருந்தால் ஓர் உயிர் போகலாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், அலையைப் படிப்பதைக் காட்டிலும் வாயைத் திறப்பதே கடினமாயிருந்தது என்று என் மாணவர் சொன்னார். முதன்முதல் அவ்வாறு சொன்ன நாளில் நிபுணர் திரும்பிப் பார்க்கவில்லையாம். கையை மாத்திரம் நிறுத்திக் குழாயைச் சிறிது பின்னிழுத்தாராம். அலை மீண்டும் எழுந்தது. வேலை முடிந்து கையுறை கழற்றும்போது, ‘இனியும் சொல்லும்’ என்றாராம். அந்த ஒரு சொல், ஆண்டுக்கணக்கான பயிற்சிக்கு ஒப்பானது என்பது அவர் கருத்து.

இவ்விடத்தில் ஆசிரியராகிய நாம் சிறிது நின்று சிந்தித்தல் நன்று. ஆசிரியன் சொல்லுக என்ற பின்னரே மாணாக்கன் சொல்லுதல் வேண்டும் என்பது நன்னூல் கூறும் பாடங்கேட்கும் முறை. பெரியோர் முன்னே வாய் திறவாமை அடக்கம் என்று வீட்டிலும் பள்ளியிலும் பிள்ளைகளைப் பழக்குகின்றோம். அப்பழக்கத்தோடு வளர்ந்தவர் அந்தக் கூடத்தினுட் சென்றால், அடக்கமே ஆபத்தாகாதோ? தமிழ் மரபு இதற்கு விடை கூறுமா?

கூறும். அமைச்சு என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் உழையிருந்தான் என்று ஒருவனைக் குறிக்கின்றார். அரசனின் பக்கத்தே இருக்கும் அமைச்சன் அவன். அரசன் தானும் அறியாதவனாய், அறிந்து சொல்வார் சொல்லையும் அழிப்பவனாய் இருப்பினும், உறுதியானதை எடுத்துரைத்தல் அவன் கடமை என்பது அக்குறளின் கருத்து. நோயாளியின் பக்கத்தே செல்பவன் உழைச்செல்வான். அரசனின் பக்கத்தே இருப்பவன் உழையிருந்தான். இருவர் பெயரும் உழை என்னும் ஒரு சொல்லிலேயே தொடங்குகின்றன. அறியாத அரசனுக்கே உண்மை சொல்லுதல் கடனாயின், அறிந்தவராய், கேட்க விரும்புபவராய், கண் வேறோரிடத்தில் இருக்கும் ஒரே காரணத்தாற் காணாது நிற்கும் வைத்தியருக்குச் சொல்லுதல் எத்துணைப் பெரிய கடன்! பக்கத்தில் நிற்பது ஏவல் செய்தற்கு மாத்திரமன்று. பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியும் உண்மையைக் கூறுதற்குமாம்.

நன்னூல் கூறியது பாடங்கேட்கும் காலத்துக்குரிய முறை. அதனைத் தொழில் செய்யும் காலத்துக்கும் நீட்டியவர் நாம். செவ்வையாகக் கேட்டவனே செவ்வையாகச் சொல்ல வல்லான். கேட்கும் அடக்கத்தைக் கற்பித்த ஆசிரியர், வேண்டியபோது பணிவோடு மறுத்துரைக்கும் திட்பத்தையும் கற்பித்தால், கல்வி நிறைவுறும். வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, ‘ஐயா, அந்தக் கணக்கில் ஓரெண் மாறிவிட்டது’ என்று சொல்லும்போது, கரும்பலகையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது ஆசிரியருக்கு இழுக்கன்று. நாளை எந்த மேசையருகே அவன் நிற்பான் என்பதை யார் அறிவார்?

நோய் தீர்ந்து வீடு செல்வோர் வைத்தியரை வாழ்த்துவர், வாழ்த்துதல் முறையே. மேசையருகே கண்ணிமையாது நின்று அலையைப் படித்தவரின் முகம் பலருக்கு நினைவிராது. முகக்கவசத்தினுள் இருந்த முகம் அது. ஆயினும் வைத்தியம் நான்கு கூறு உடையது. நான்கிலொன்றைக் குறைத்து எண்ணினால் கணக்குப் பிழைத்துவிடும்.