வெல்லக்கட்டியும் கல்வராயன் காடும்

மழை விட்ட காலையில் ரிஷிவந்தியத்தில் நின்று மேற்கே பாருங்கள். அடிவானத்தில் நீலக்கோடு போல ஒரு மலைத்தொடர் தெரியும். அதுதான் கல்வராயன் மலை. பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர். கோமுகி ஆறும் மணிமுத்தா ஆறும் பிறப்பது அங்கேதான்.

தொலைவிலிருந்து பார்த்தால் மலை முழுவதும் ஒரே பச்சை. "காட்டுக்கு என்ன குறை?" என்று கேட்கத் தோன்றும். அருகே போனால்தான் அந்தப் பச்சையில் மரவள்ளிக் கொல்லை எது, உண்ணிச்செடிப் புதர் எது, பல தலைமுறை கண்ட பழங்காடு எது என்பது விளங்கும். பழங்காடு ஓடைப் பள்ளங்களிலும் செங்குத்துச் சரிவுகளிலும் கோயில்காடுகளிலும் துண்டு துண்டாக நிற்கிறது. துண்டானால் என்ன, மொத்தப் பரப்பு இருக்கிறதல்லவா? இங்கேதான் ஒரு கணக்கு இருக்கிறது.

பாயசத்துக்கு வெல்லத்தை முழுக்கட்டியாகப் போடாமல் தட்டிப் போடுகிறார்கள். ஏன்? 10 செ.மீ. பக்கமுள்ள ஒரு கட்டிக்கு மேற்பரப்பு 600 சதுர செ.மீ. அதையே 5 செ.மீ. பக்கமுள்ள எட்டுக் கட்டிகளாக வெட்டினால் மேற்பரப்பு 1,200 சதுர செ.மீ. வெல்லத்தின் எடை மாறவில்லை. நீர் தொடும் இடம் இரு மடங்காகிவிட்டது. அதனால்தான் விரைவில் கரைகிறது.

காடும் இப்படித்தான் ஓரத்திலிருந்து கரைகிறது. அடர்ந்த காட்டின் உள்ளே நிழல், ஈரம், அடங்கிய காற்று. ஓரத்திலோ வெயில் பக்கவாட்டில் நுழைகிறது, காற்று ஈரத்தை உறிஞ்சுகிறது, சருகு காய்ந்து தீக்கு இரையாகிறது, களைச்செடிகள் புகுகின்றன.

இதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. பிரேசில் நாட்டில் மனாஸ் நகருக்கு வடக்கே, தாமஸ் லவ்ஜாய் என்ற அறிவியலாளர் 1979-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார். 1, 10, 100 ஹெக்டேர் அளவுள்ள காட்டுத் துண்டுகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஓரத்திலிருந்து 300 மீட்டருக்குள் நின்ற பெருமரங்கள், உள்காட்டு மரங்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக மடிந்தன.

நாம் ஓரத்தின் பாதிப்பை 100 மீட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். 100 ஹெக்டேர் சதுரக் காட்டின் பக்கம் 1,000 மீட்டர். நான்கு புறமும் 100 மீட்டர் கழித்தால் 800 மீட்டர் பக்கமுள்ள உள்காடு, அதாவது 64 ஹெக்டேர், மிஞ்சும். அதே காட்டைத் தலா 10 ஹெக்டேராகப் பத்துத் துண்டாக்குங்கள். ஒவ்வொன்றின் பக்கமும் சுமார் 316 மீட்டர். உள்காடு 1.35 ஹெக்டேர். பத்துக்கும் சேர்த்து வெறும் 13.5 ஹெக்டேர்! ஒரு ஹெக்டேர்த் துண்டாகிவிட்டாலோ உள்காடே இல்லை. பதிவேட்டில் பரப்பு அப்படியே இருக்கும்; காட்டில் காடு இருக்காது.

துண்டான காட்டுக்கு இன்னொரு துன்பமும் உண்டு: தனிமை. ஒரு துண்டில் உள்ள சில விலங்குகள் தமக்குள்ளேயே இனம் பெருக்கினால் சந்ததி நலிகிறது. விதையைச் சுமக்கும் விலங்கும் பறவையும் வராவிட்டால் தாய்மரத்தின் வாரிசு வேறிடம் போவதில்லை. இதற்கு மருந்துதான் வழித்தடம்; ஒரு துண்டையும் மறு துண்டையும் இணைக்கும் காட்டுப் பட்டை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடந்த ஒரு சோதனையில், 2006-இல் வெளியான முடிவின்படி, இணைக்கப்பட்ட துண்டுகளில் ஐந்தே ஆண்டுகளில் தாவர இனங்கள் 20 விழுக்காடு கூடுதலாக இருந்தன.

நம் வால்பாறையிலும் இது நடக்கிறது. தேயிலைத் தோட்டங்களுக்கிடையே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில், நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற அமைப்பு, தோட்டக்காரர்களோடு சேர்ந்து நாட்டு மரங்களை நட்டு வளர்க்கிறது. சிங்கவால் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடக்க, மரத்துக்கு மரம் பாலங்களும் கட்டியிருக்கிறார்கள்.

கல்வராயன் மலைக்கு வழித்தடம் எங்கே? தெற்கே பச்சைமலைக்கும் அதற்கும் நடுவே வயல்களும் ஊர்களும் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நெடுஞ்சாலையும் இருக்கின்றன. அங்கே இணைப்பது எளிதன்று. ஆனால் மலைக்குள்ளேயே துண்டுகளை இணைக்க இயற்கை வரைந்து வைத்த கோடுகள் உண்டு. அவை ஓடைகள். கரையின் இருபுறமும் கடுக்காய், பலா, புளி, நெல்லி, நாவல் வளர்ந்தால் விலங்குக்கு வழி. மலையாளிப் பழங்குடி மக்களுக்கு வருவாய். அவர்களை அப்புறப்படுத்திவிட்டுப் போடும் வழித்தடம் நிலைக்காது. பட்டை அகலமாகவும் இருக்க வேண்டும். 100 மீட்டர் அகலப் பட்டை முழுவதுமே ஓரந்தான் என்பதை மேலே சொன்ன கணக்கே காட்டும்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். நாம் விடுமுறைக்குத் தேடிப் போவது எதை? மேகம் அருவியையும் பெரியார் அருவியையும். அருவி ஓடையில்தானே இருக்கும்! விலங்கு நடக்க வேண்டிய தடத்திலேயே நாம் வண்டியை நிறுத்துகிறோம், அடுப்பு மூட்டுகிறோம். நாளை விடுதியும் அங்கேயே எழலாம். நீலகிரியின் சீகூர் பீடபூமியில் அப்படித்தான் ஆயிற்று. தமிழக அரசு 2010-இல் அறிவித்த யானை வழித்தடத்தில் தங்கும் விடுதிகள் நின்றன. வழக்கு பத்தாண்டு நடந்து, 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றம் வழித்தடம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. கட்டிய பின் இடிப்பதைவிடக் கட்டுமுன் யோசிப்பது மலிவு.

சுற்றுலாவே கூடாது என்பதல்ல. வண்டி ஊரோடு நிற்கட்டும், அங்கிருந்து நடப்போம். மலையூர்க்காரரே வழிகாட்டியாக வரட்டும்; கூலியும் சாப்பாட்டுப் பணமும் அவருக்கே போகட்டும். பொழுது சாய்ந்தபின் ஓடை விலங்குகளுக்கு. காட்டால் வயிறு நிறைகிறவர் காட்டுக்குக் காவலாக இருப்பார்.

ஒரு வரைபடத்தாளை எடுங்கள். நூறு கட்டம் கொண்ட ஒரு சதுரம் வரைந்து, ஓரக் கட்டங்களைக் கறுப்பாக்கி, மிஞ்சியதை எண்ணுங்கள். பிறகு நடுவே குறுக்காக, இரண்டு கட்டங்கள் ஒட்டும் கோட்டில் ஒரு சாலை போட்டு, அதன் இருபுறத்துக் கட்டங்களையும் கறுப்பாக்கி மீண்டும் எண்ணுங்கள். 64 கட்டம் 48 ஆகும். ஒரே ஒரு சாலைக்கு இது. அடுத்த முறை மலைக்குப் போகும்போது அந்தத் தாள் உங்கள் நினைவில் இருக்கட்டும்.