லைடன்: வேலணைத் தீவுக்குப் பெயர் தந்த பல்கலைக்கழக நகரம்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே வேலணை, அல்லைப்பிட்டி, மண்கும்பான், சரவணை, நாரந்தனை, கரம்பொன், ஊர்காவற்றுறை ஆகிய ஊர்களைக் கொண்ட தீவு, பழைய வரைபடங்களில் ‘லைடன்’ என்று குறிக்கப்பட்டிருக்கும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், சுற்றியிருந்த தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு (இன்றைய காரைநகர்) அம்ஸ்டர்டாம் ஆயிற்று; புங்குடுதீவு மிடில்பர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயின. அம்ஸ்டர்டாம், மிடில்பர்க், ரொட்டர்டாம், டெல்ஃப்ட் ஆகியவை ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கிளைச் சபைகள் இயங்கிய வணிக நகரங்கள். லைடனில் அத்தகைய சபை இருந்ததில்லை. கம்பளித் துணி நெசவும் பல்கலைக்கழகமுமே அந்நகருக்குப் புகழ் தேடித் தந்தன.

நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில், கடலுக்கு அண்மையில் உள்ள தாழ்நிலத்தில் லைடன் நகர் அமைந்துள்ளது. ரைன் ஆற்றின் இரு கிளைகளான பழைய ரைனும் புதிய ரைனும் நகரின் நடுவில் ஒன்றுசேர்கின்றன. இரண்டுக்கும் இடையே, மனிதர் மண் குவித்து எழுப்பிய மேட்டின்மேல் வட்டமான பழங்கோட்டை ஒன்று நிற்கிறது. ஓவியர் ரெம்பிராண்ட் 1606இல் இந்நகரில் பிறந்தவர். ஆற்றங்கரையில் காற்றாலை வைத்திருந்த குடும்பம் என்பதால், ‘ரைன்’ என்பது அவர்களின் குடும்பப் பெயரிலும் சேர்ந்துகொண்டது.

பல்கலைக்கழகத்தின் தோற்றம் ஒரு முற்றுகையோடு பிணைந்தது. ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக ஒல்லாந்தர் கிளர்ந்தெழுந்த காலத்தில், 1574ஆம் ஆண்டு ஸ்பானியப் படை லைடனைச் சூழ்ந்தது. பசியாலும் கொள்ளைநோயாலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தரைவழியே உதவி அனுப்ப இயலாத நிலையில், கடலையும் ஆற்றையும் தடுத்து நின்ற அணைகளை உடைக்க ஒரேஞ்சு இளவரசர் வில்லியம் கட்டளையிட்டார். வயல்களில் வெள்ளம் பரவியது. ஆனால் படகு செல்லும் ஆழம் கிடைக்கவில்லை. ஒக்டோபர் தொடக்கத்தில் எழுந்த புயற்காற்று கடல்நீரை உள்ளே தள்ளியது. தட்டையான அடிப்பாகம் கொண்ட படகுகள் வயல்களின் மேல் மிதந்து நகரை நெருங்க, ஸ்பானியப் படை இரவோடிரவாகப் பின்வாங்கியது. ஒக்டோபர் 3ஆம் நாள் நகர் மீட்கப்பட்டது.

இந்த முற்றுகையைச் சுற்றிப் பல கதைகள் வழங்குகின்றன. நகரைச் சரணடையச் செய்யுமாறு பசித்த மக்கள் நெருக்கியபோது, நகரத் தலைவர் வான் டெர் வெர்ஃப் தம் கையையே வெட்டி உண்ணும்படி நீட்டினார் என்பது ஒன்று. எதிரிகள் விட்டு ஓடிய பாசறையில் ஓர் அநாதைச் சிறுவன் இறைச்சியும் கிழங்கும் வெந்த பானை ஒன்றைக் கண்டெடுத்தான் என்பது மற்றொன்று. மீட்புப் படகுகள் கொண்டுவந்தவை ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும். இன்றும் ஒவ்வோர் ஒக்டோபர் 3ஆம் நாளும் லைடன் மக்கள் அந்த மீனையும் ரொட்டியையும் பகிர்ந்து உண்டு, அந்தப் பானைக் கறியையும் சமைக்கின்றனர். நகரத்தாரின் உறுதிக்குப் பரிசாக வரிவிலக்கு வேண்டுமா, பல்கலைக்கழகம் வேண்டுமா என்று இளவரசர் கேட்க, மக்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தார்கள் என்பதே யாவற்றிலும் புகழ்பெற்ற கதை. வரலாற்றாசிரியர்கள் இதை ஏற்பதில்லை. ஆனால் அந்நகர் தன்னைப் பற்றி எண்ணிப் பெருமை கொள்வது எதைக் குறித்து என்பதை இக்கதை தெளிவாகக் காட்டுகிறது.

பல்கலைக்கழகம் 1575 பெப்ரவரி 8ஆம் நாள் திறக்கப்பட்டது. ‘சுதந்திரத்தின் அரண்’ என்ற பொருள் தரும் இலத்தீன் தொடர் அதன் குறிக்கோள் வாசகம். 1581 முதல் ராப்பன்பர்க் கால்வாய்க் கரையில், முன்னர் கன்னியர் மடமாக இருந்த கட்டடம் அதன் தலைமை இல்லமாக விளங்குகிறது. அதன் பின்புறத்தில் 1590இல் மூலிகைத் தோட்டம் ஒன்று நிறுவப்பட்டது. பெறுபேற்றுக்காக மாணவர்கள் காத்திருக்கும் ‘வியர்வை அறை’ ஒன்றும் அங்கு உண்டு. தேறியவர்கள் அதன் சுவரில் கையெழுத்திடுவது வழக்கம்.

நீர்வழிகள் நிறைந்த ஊரில் பாலங்களும் பல. புதிய ரைனின் மேலுள்ள தானியப் பாலத்தில் முற்காலத்தில் தானியச் சந்தை கூடியது. மழையில் தானியம் நனையாதிருக்க 1825இல் அதற்குக் கூரை போடப்பட்டது. பாய்மரப் படகுகளுக்கு வழிவிட வேண்டிய இடங்களில் தூக்குபாலங்கள் அமைந்தன. அவற்றின் இயக்கம் யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் துலாவை ஒத்தது. மேலே கிடையாக நிற்கும் உத்தரத்தின் ஒரு முனை சங்கிலியால் பாலத் தட்டோடு இணைந்திருக்கும். மறுமுனையில் பாரம் இருக்கும். இரண்டும் ஏறக்குறைய சமநிலையில் நிற்பதால், பாரமுள்ள முனையை ஒருவர் இழுத்தாலே கனத்த தட்டு மேலெழும்.

இந்நகரின் கல்விக்கூடத்தோடு இலங்கைக்கும் தமிழுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1672 முதல் கம்பனி மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய பவுல் ஹெர்மன், இங்கே திரட்டிய தாவரங்களோடு திரும்பி லைடனில் தாவரவியற் பேராசிரியரானார். அவருடைய உலர்தாவரத் தொகுப்பைக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றிய நூலை வெளியிட்டார். சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் 1862இல் இப்பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டன. அதனாலேயே அவை ‘லைடன் செப்பேடுகள்’ எனப் பெயர் பெற்றன. அவற்றுள் பெரிய தொகுதி 21 ஏடுகள் கொண்டது. 5 ஏடுகள் வடமொழியிலும் 16 ஏடுகள் தமிழிலும் அமைந்தவை. நாகபட்டினத்தில் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் இராசராசன் அளித்த செய்தியை அவை கூறுகின்றன. மின்னேற்றத்தைச் சேமித்து வைக்கும் முதற்கருவியும் ‘லைடன் சாடி’ என்றே அழைக்கப்படுகிறது. உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிச் சாடி அது. 1746இல் லைடனில் பேராசிரியராயிருந்த முசென்புரூக்கின் சோதனை வழியே அது உலகறிய வந்தது.

இலங்கையின் லைடனுக்கும் நீரைக் கடப்பதே முதற்பணியாக இருந்தது. இங்கே ஆறு இல்லை. ஆழம் குறைந்த பரவைக்கடல் உண்டு. அதனால் உயர்ந்த பாலத்தைவிடத் தாம்போதியே பொருத்தமாயிற்று. கல்லும் மண்ணும் கொட்டி உயர்த்திய நீண்ட அணையின்மேல் வீதி செல்லும். இடையிடையே விடப்பட்ட திறப்புகள் வழியே நீர் ஏறி இறங்கும். அந்தத் திறப்புகள் போதாவிட்டால் நீரோட்டம் தடைப்பட்டு, மீனும் இறாலும் வளரும் இடம் கெடும். பண்ணைத் தாம்போதி யாழ்ப்பாண நகரை மண்டைதீவுச் சந்தி வழியாக அல்லைப்பிட்டியோடும் வேலணையோடும் சேர்க்கிறது. வாணர் தாம்போதி வேலணையைப் புங்குடுதீவோடு இணைக்கிறது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே ‘பாதை’ எனப்படும் மிதவை மக்களையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்கிறது.

இத்தீவின் கல்வியும் நீர்க்கரையிலேயே வளர்ந்தது. வேலணை மத்திய கல்லூரியும் ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியும் தலைமுறைகளாகத் தீவக மாணவர்களை உருவாக்கி வருகின்றன. 1974இல் திருநெல்வேலியில் பல்கலைக்கழக வளாகமாகத் தொடங்கி, 1979இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு வேலணை மாணவர்கள் செல்லும் வழி பண்ணைத் தாம்போதிதான். ஒல்லாந்தர் சூட்டிய பெயர் வரைபடங்களில் நிலைத்தது. ஊர்மக்களின் வாயில் ஊர் வேலணையாகவே இருந்து வருகிறது.