நாலு கதவுக்கு ஒரு சாவி

அக்கா மகன் பழைய மாருதி 800 ஒன்றை வாங்கியிருக்கிறான். இறங்கும்போதெல்லாம் பின்சீட்டுக்கு எட்டி எட்டிக் கதவின் லாக் குமிழை அமுக்குவது அவனுக்கு அலுத்துவிட்டது. "சென்ட்ரல் லாக் செட் வாங்கிட்டேன் மாமா, நானே மாட்டிடலாமா?" என்றான். மாட்டலாம், முதலில் டீயைக் குடி என்றேன்.

அட்டைப்பெட்டியைக் கவிழ்த்தான். நாலு மோட்டார், ஒரு கன்ட்ரோல் பெட்டி, சைக்கிள் ஸ்போக் மாதிரி கம்பிகள், ஓட்டை போட்ட தகடுகள். மூன்று மோட்டாரில் இரண்டிரண்டு ஒயர், ஒன்றில் மட்டும் ஐந்து. ஐந்து ஒயர்க்காரன்தான் டிரைவர் கதவுக்கு. சாவியைத் திருகினால் அதன் தண்டு நகர்ந்து உள்ளே இருக்கும் சுவிட்சை மாற்றும். உடனே கன்ட்ரோல் பெட்டி எல்லா மோட்டாருக்கும் ஒரு நொடிக்கும் குறைவாக 12 வோல்ட் விடும். திறப்பதற்குப் பிளஸ்ஸையும் மைனஸையும் மாற்றி விடும். கரன்ட் சமாசாரம் அவ்வளவுதான். மிச்சமெல்லாம் இரும்பு வேலை, எல்லோரும் சறுக்குவதும் அதில்தான்.

மோட்டாரின் தண்டு சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான் போய்வரும். கதவின் லாக் கம்பி எந்தத் திசையில் நகர்கிறதோ, இதுவும் அதே கோட்டில் நகர வேண்டும். சாய்வாக இழுத்தால் வலுவெல்லாம் கம்பியை வளைப்பதில் போய், குமிழ் பாதியில் நின்றுவிடும். நாம் மோட்டார் மட்டம் என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவோம்.

கதவின் உள்பக்கப் பேடைக் கழற்ற முதலில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடி வர வேண்டும். அதற்கும் பேடுக்கும் நடுவே பழைய பனியன் துணியை நுழைத்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிற மாதிரி இரண்டு முனையையும் மாற்றி மாற்றி இழுத்தால் லாட வடிவக் கிளிப் துள்ளி விழும். எங்கே விழுகிறது என்று ஒரு கண் வை.

மோட்டாரை ஸ்குரூ போட்டு முடுக்குவதற்கு முன் கண்ணாடியை முழுக்க இறக்கிப் பார். ஒருமுறை நான் அப்படிப் பார்க்காமல் நீள ஸ்குரூ போட்டுவிட்டேன். கண்ணாடியில் விழுந்த கீறல் காரை விற்கும்வரை போகவில்லை.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டுத்தான் ஒயரில் கை வைக்க வேண்டும். கீல் பக்கத்து ஓட்டைக்கு ரப்பர் புஷ் போடு, கதவை முழுக்கத் திறந்தாலும் ஒயர் விறைக்காதபடி கொஞ்சம் தொய்வு விடு. சாவி எடுத்த பிறகும் பூட்ட வேண்டும் என்பதால் சப்ளை நேரே பேட்டரியிலிருந்து, பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ். பேடுக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாளைக் குப்பை என்று கிழித்துவிடாதே, கண்ணாடி வழியே இறங்கும் மழைத்தண்ணீர் பேடை ஊறவைக்காமல் காப்பது அதுதான்.

"பேட்டரி இறங்கிட்டா வெளியவே நிக்கணுமா மாமா?"

டிரைவர் கதவு சாவிக்கு எப்போதும்போலத் திறக்கும். மற்ற குமிழ்களைக் கையால் தூக்கிக்கொள்ளலாம்.

அதிருக்கட்டும், நாலு குமிழையும் ஒரு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். விரலுக்கே வராத குமிழ் இந்தச் சின்ன மோட்டாருக்கு எப்படி வரும்? திரும்பி வந்தவன், பின்னால் இடது பக்கம் இறுக்கமாக இருக்கிறது என்று மண்ணெண்ணெயும் கிரீஸும் கேட்டான்.